நீங்கள் கேட்டவை: பழைய லேப்டாப்பில் கேபிள் இன்டர்நெட் வர என்ன செய்வது?

‘பள்ளியில் 2013-ம் ஆண்டு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. அதில் வைஃபை பழுது. புதிதாக ஃபைபர் லைன் போட்டு, மோடத்திலிருந்து கேபிள் சொருகியும் இன்டர்நெட் வரவில்லை. கடையில் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். சிட்டா எடுக்கக்கூட செஞ்சிக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. வழி உண்டா?’

செஞ்சி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்

வழி உண்டு. அவசரப்பட்டுப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். 2011-ம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பல, இப்படிச் சின்னக் கோளாறால்தான் பரணில் கிடக்கின்றன. கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாவிட்டால், மோட்டாரிலிருந்து மடைவரை வரிசையாகப் பார்ப்பதுபோல இதையும் பார்க்க வேண்டும்.

முதலில் லைன். மோடத்தின் வைஃபையில் செல்போனை இணைத்துப் பாருங்கள். செல்போனில் வந்தால், லைனில் குறையில்லை. வராமல், மோடத்தில் ‘எல்ஓஎஸ்’ என்ற சிவப்பு விளக்கு எரிந்தால், ஃபைபரில் சிக்னல் வரவில்லை. லைன் கொடுத்தவர்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து கேபிள். இரு முனையும் ‘டக்’கென்று உட்கார வேண்டும். பெரும்பாலான லேப்டாப்களில் துளை அருகே சின்ன விளக்கு எரியும். எரியாவிட்டால் வேறு கேபிளை, மோடத்தின் வேறு ‘லேன்’ துளையில் சொருகிப் பாருங்கள். கிளிப் உடைந்ததும், எலி கடித்ததும் அடிக்கடி நடப்பவை.

மூன்றாவது டிரைவர். விண்டோஸைப் புதிதாக ஏற்றியபோது லேன் டிரைவரை விட்டிருப்பார்கள். அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ அருகே மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால், டிரைவர் இல்லை என்று பொருள். லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து செல்போனில் இறக்கி, யு.எஸ்.பி வயர் மூலம் லேப்டாப்புக்கு மாற்றி நிறுவுங்கள். கீழ்நோக்கிய அம்புக்குறி மட்டும் இருந்தால், வலது கிளிக் செய்து ‘எனேபிள்’ கொடுத்தால் போதும்.

விளக்கும் எரிகிறது, டிரைவரும் இருக்கிறது என்றால் ஐ.பி. எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், மோடம் எண் கொடுக்கவில்லை. மோடத்தை அணைத்துப் போடுங்கள். யாராவது கையால் எண் பதிந்திருந்தால், ‘தானாகப் பெறும்’ முறைக்கு மாற்றுங்கள்.

இணைப்பு வந்தும் தளங்கள் திறக்கவில்லையா? தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்தால், தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் அப்போது திறக்காது. தேதியைத் திருத்துங்கள். மறுபடி மாறினால் பேட்டரியை மாற்றுங்கள், செலவு சொற்பம்தான்.

டிவைஸ் மேனேஜரில் லேன் பகுதியே தெரியாவிட்டால், அது இடியில் கருகியிருக்கலாம். யு.எஸ்.பி-யில் சொருகும் லேன் அடாப்டர் வாங்கினால், பழைய துளையே தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. அதில் விண்டோஸ் 7 இருந்தால், அதற்கான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. சிட்டா எடுக்க, விலை நிலவரம் பார்க்கப் பயன்படுத்தலாம். வங்கிக் கணக்கு, ஓ.டி.பி தொடர்பான வேலை அதில் வேண்டாம். குறைந்த ரேம் போதுமான லினக்ஸை ஏற்றினால் இந்தக் கவலை குறையும். நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். அதில் இன்டர்நெட் வந்தால், லேப்டாப் நல்ல நிலையில் இருக்கிறது, கோளாறு விண்டோஸில்தான் என்பதும் உறுதியாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு மோடம் பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றி வையுங்கள். ஃபைபர் இழையில் மின்சாரம் பாயாது. ஆனால், கரன்ட் லைனில் வரும் அதிர்ச்சி மோடம் வழியாக லேப்டாப்வரை போகும்.