ஆட்சி மாறினால் பறை ஓயலாமா?

சென்னை மாநகருக்குத் திருவிழாக்களில் குறைவில்லை. மார்கழி பிறந்தால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் காலை முதல் இரவு வரை சங்கீதக் கச்சேரிகள். தை பிறக்கும் காலத்தில் புத்தகக் காட்சி. பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்து மூவர் உற்சவம். ஆவணியில் பெசண்ட் நகர் வேளாங்கண்ணி மாதா ஆலயக் கொடியேற்றம். இவை யாவும் இக்கடற்கரைப் பட்டணத்துக்குப் பெருமை தருவன. ஆயினும், இங்கே நடைபெறும் விழாக்களுள் ஒன்றின் வரலாறு நம்மைத் தலைகுனியச் செய்கிறது. அதனைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுதல் அவசியமெனக் கருதுகிறோம்.

2007-ம் ஆண்டில், ஸ்ரீ கருணாநிதியின் ஆட்சிக் காலத்தில், ஸ்ரீமதி கனிமொழியின் முயற்சியால் ‘சென்னை சங்கமம்’ என்னும் விழா ஆரம்பமாயிற்று. கிராமங்களில் வழங்கும் கரகம், காவடி, பறையாட்டம், ஒயிலாட்டம், தெருக்கூத்து முதலிய கலைகள் பட்டணத்துப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் வந்தன. டிக்கட் வாங்க வேண்டியதில்லை, அழைப்பும் வேண்டியதில்லை. வழியே சென்றவரெல்லாம் நின்று பார்த்தனர். 2011-ல் ஆட்சி மாறிற்று, விழாவும் நின்றது. மறுபடியும் ஆட்சி மாறிய பின்னர், 2023-ம் ஆண்டுப் பொங்கலில் அது புத்துயிர் பெற்றது. இடையே பதினொரு பொங்கல்கள் சங்கமமின்றியே கழிந்தன.

இதனால் நஷ்டமடைந்தவர் யார்? கட்சித் தலைவர்கள் அல்லர். பறையைத் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டும் கிராமத்துக் கலைஞனே நஷ்டமடைந்தான். அவனுக்குப் பட்டணத்தில் கிடைத்த மேடையும் கூலியும் மரியாதையும் ஒருங்கே போயின. பறையைச் சாவு வீட்டுக்கே உரியதென்று ஒதுக்கி வைத்த சமூகம் நம்முடையது. அதே பறையாட்டத்தைக் கற்பித்து வந்த வேலு ஆசானுக்கு 2025-ல் இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ விருதளித்தது. காலம் இங்ஙனம் மாறிக் கொண்டிருக்கையில், அக்கலைக்குத் தலைநகரில் திறந்திருந்த வாயிலை இடையில் அடைத்தது நியாயமாகுமா?

நிலைத்து நிற்கும் விழாக்களை நோக்குவோம். 1927 டிசம்பரில் டாக்டர் அன்ஸாரியின் தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, பூரண சுதந்திரமே இந்திய மக்களின் லட்சியமெனத் தீர்மானித்தது. அதனையொட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக 1928-ல் சங்கீத வித்வத் சபை தோன்றிற்று. 1967-ல் காங்கிரஸ் இந்த ராஜ்யத்தின் ஆட்சியை இழந்தது. சபை தன் கதவை மூடிற்றா? இல்லை. ஏனெனில், பிறந்தது காங்கிரஸ் பந்தலிலாயினும், அது எந்த மந்திரி சபையின் தயவிலும் வாழவில்லை.

அந்த மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடமில்லையே என மனம் நொந்தவர்கள் இருந்தனர். அவர்கள் இருந்ததை இடிக்கப் புகவில்லை. ராஜா ஸர் அண்ணாமலை செட்டியாரின் ஆதரவில் 1943-ல் தமிழிசைச் சங்கத்தை ஸ்தாபித்தனர். இன்று பட்டணத்துக்கு இரண்டும் இருக்கின்றன. குறை கண்டவர் செய்யத்தக்கது இதுவே. 1977-ல் தொடங்கிய புத்தகக் காட்சியும் பதிப்பாளர்களின் சொந்தச் சங்கத்தால் நடத்தப்படுவதால், எத்தனையோ ஆட்சிகளைக் கண்டும் நிற்கிறது. அறுபத்து மூவர் உற்சவத்திலோ, வீதியெங்கும் நீர்மோரும் அன்னமும் வழங்குவோர் எவருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. தம்முடையதென்று ஜனங்கள் கருதும் விழாவை நிறுத்த எவராலும் இயலாது.

சங்கமத்துக்கு இந்தப் பலம் வாய்க்கவில்லை. தொடங்கியவர்கள் அதனைத் தங்கள் கட்சியின் சாதனையாகக் காட்டினர். பின் வந்தவர்கள் அதனைப் பிறர் சொத்தெனக் கைவிட்டனர். குற்றம் இரு தரத்தாருக்கும் உரியதென்பதே நமது அபிப்பிராயம்.

பள்ளிக்கூடமும் குடிநீரும் பாக்கியிருக்க, ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் பொதுப்பணம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் கலைஞனுக்குக் கலையே தொழில். கூலியே அவன் வீட்டு அடுப்பு. மேலும், டிக்கட்டுக்குப் பணமில்லாத ஏழைக்கும் தன் குழந்தையின் கையைப் பிடித்து ஒரு நல்ல கூத்தைப் பார்க்கும் உரிமை உண்டு. 2017-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் சங்கீதத்துக்காகச் சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது. அந்தக் கௌரவம் சபா மண்டபங்களுக்குள் மட்டும் அடங்கிவிடலாகாது.

ஆகவே நாம் வேண்டுவது இது. சங்கமத்தை நடத்தும் பொறுப்பைச் சட்டத்தால் அமைந்த ஒரு நிரந்தரக் குழுவினிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் கலைஞர்களே பெரும்பான்மையினராயிருத்தல் வேண்டும். விழா நாட்களும் இடங்களும் கூலியும் பல மாதங்களுக்கு முன்னரே நிச்சயிக்கப்பட வேண்டும். ஆடியவனுக்கு மேடையை விட்டு இறங்கிய அன்றே கூலி கிடைக்க வேண்டும். விளம்பரத் தட்டிகளில் எந்தத் தலைவரின் உருவமும் வேண்டாம். பேட்டைதோறும் குடியிருப்போர் ஒரு சிறு கமிட்டி அமைத்து, வரும் கலைஞர்களுக்கு உணவும் உறையுளும் அளிக்க முன்வர வேண்டும். ஒரு வேளைச் சோறிட்ட விழாவை ஜனங்கள் எளிதில் கைவிடமாட்டார்கள்.

கட்சித் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் எதிரியைத் தாக்குங்கள், அவர் கொள்கையைக் கண்டியுங்கள், தேர்தலில் தோற்கடியுங்கள். அவையெல்லாம் ஜனநாயகத்துக்கு அடுத்தவையே. ஆனால், அவர் வைத்த மரம் நிழல் தருமாயின், அதற்கு நீர் வார்க்கத் தயங்காதீர்கள். பறைக்குக் கட்சியில்லை. இனி எக்கட்சி கோட்டையில் ஏறினும், எக்கட்சி இறங்கினும், பொங்கல் நாளில் கடற்கரையில் அதன் முழக்கம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.