மதில் யாருடைய சொந்த விவகாரம்?

‘என் மனை, என் மதில், நடுவில் அரசுக்கு என்ன வேலை?’ என்று திண்டிவனத்தில் ஒரு தேநீர்க் கடையில் நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நிறைய வாசிப்பவர், தனிமனித உரிமை குறித்து அழுத்தமான கருத்துகள் உடையவர். அதற்குள் விழுப்புரம் பேருந்து புறப்பட்டுவிட்டதால் பதில் சொல்ல வாய்க்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

ஐந்து சென்ட் மனைக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப அவர் ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்திருக்கிறார். பட்டா நகல் கேட்டார்கள், புலப்பட நகல் கேட்டார்கள், பிறகு வேறொன்றும் கேட்டார்கள் (அது எதுவென்று வாசகர் அறிவர்). அவருடைய கோபம் நியாயமானதே. அந்தக் கோபத்திலிருந்து அவர் வந்தடைந்த முடிவைத்தான் நாம் ஏற்பதற்கில்லை.

தமிழில் வேலி என்பது அடைப்பு மட்டுமன்று, நில அளவும்கூட. இருபது மா ஒரு வேலி, ஏறத்தாழ 6.6 ஏக்கர். கோட்டையைக் காப்போர் சூடிய பூ நொச்சி. அந்நொச்சியே நம் வீட்டுக் கொல்லைகளில் வேலியாகவும் நின்றது. கிளுவைப் போத்தை நட்டால் ஒரு மழையில் துளிர்த்துவிடும். ஆடாதொடையை ஆடு தின்னாது. இந்த வேலிகள் மாட்டைத் தடுத்தன, தண்ணீரைத் தடுக்கவில்லை. இன்றோ சென்னைச் சாலையின் இருமருங்கிலும் கருங்கல் தூண் நட்டு முள்கம்பி கட்டிய மனைகளும், அவற்றைத் தொடர்ந்து முழு உயரச் சுவர்களும் தெரிகின்றன. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கலை, சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனது கிடங்கில் என்று அறிஞர் கொள்வர். கிடங்கு என்றால் அகழி. அரசனின் காவலே தண்ணீரைத் தேக்கி வைத்திருந்த ஊரில், குடிமக்களாகிய நாம் தண்ணீரை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடும் சுவர்களைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதன் மழையில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அவ்வளவு மழையை எந்த வடிகாலும் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் மழை நின்ற பிறகும் தண்ணீர் எங்கே நின்றது என்பதை நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள். சரிவின் குறுக்கே ஒருவர் சுவர் வைத்திருப்பார், அதற்கு மேற்புறத்து வீடுகள் குளமாகியிருக்கும். சுவர்க்காரர் வீட்டுத் திண்ணை மட்டும் உலர்ந்திருக்கும்.

சுவர் கொல்லவும் செய்யும். 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய ஒரு தனியார் சுற்றுச்சுவர் கீழேயிருந்த வீடுகளின்மேல் சரிந்து 17 பேர் மாண்டனர். மாண்டவர்கள் தலித் மக்கள். சுவர் ஏறத்தாழ இருபதடி உயரம். அதுவும் ஒருவருடைய ‘சொந்த’ மதில்தான். உத்தப்புரத்தில் 1989 கலவரத்தை ஒட்டி எழுந்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் இடிக்கும்வரை, அதைத் தங்கள் காவல் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இவற்றுக்குப் பிறகும் மதிலைத் தனியார் விவகாரம் என்று பேச எப்படி முடிகிறது?

விதிகள் இல்லாமலில்லை. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. மாநகரம் முதல் சிற்றூராட்சி வரை அனைத்துக்கும் பொதுவான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தன. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டே, 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் பிறந்தன. அந்த மனைகளுள் எத்தனை ஓடை மேட்டில், எத்தனை ஏரி உள்வாயில் என்பதைக் கட்டணச் சீட்டு சொல்லாது. 2024இல் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறையும் வந்துவிட்டது. அலைச்சல் குறைந்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் வீட்டின் உயரத்தையும் பக்க இடைவெளியையும் அளக்கிற கண், சுவர் எழும்பும்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்ப்பதில்லை.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. உயிர்வேலிக்கும் கம்பிவேலிக்கும் எந்த அனுமதியும் வேண்டாம், மக்களை விட்டுவிடுங்கள். செங்கல், கருங்கல், கான்கிரீட் என்று திண்மையாக எழுப்பினால் மட்டும், கிராம வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்கு எங்கே ஓடுகிறது என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். அடியில் நீர் வெளியேறத் துளை உண்டா, உயரத்துக்கேற்ற அடித்தளம் உண்டா என்று ஒருமுறை வந்து பாருங்கள். இங்கிலாந்தில் பொதுவாக இரண்டு மீட்டர் வரையிலும், வாகனச் சாலையை ஒட்டி ஒரு மீட்டர் வரையிலும் அனுமதியின்றியே வேலியோ சுவரோ அமைக்கலாம். அதற்கு மேல் போனால்தான் விண்ணப்பம். முனையில் திரும்புகிற வண்டிக்காரனுக்கு எதிரே வருபவன் தெரிய வேண்டுமே! நம் தெருமுனைகளில் ஆரன்தான் கண்.

‘அதிகாரியை உள்ளே விட்டால் கை நீட்டுவான்’ என்பது நண்பரின் கடைசி வாதம். நீட்டுகிறான்தான். அதற்காக அளவுகோலை முறித்துப்போட்டால், நஷ்டம் நண்பருக்கல்ல, பள்ளத்தில் குடியிருப்பவனுக்கு.

நண்பரின் மனையில் கல்லும் மணலும் வந்து இறங்கிவிட்டன. வடக்குப் பக்கத்தில் ஒரு பழைய வாய்க்கால் இருந்ததாக அத்தெருப் பெரியவர் ஒருவர் நம்மிடம் சொன்னார். கிராம வரைபட நகலை வாங்கிப் பார்க்கச் சொல்லி நண்பரிடம் இருமுறை கேட்டுவிட்டோம். சுவரடியில் துளை விட்டால் பாம்பு வரும் என்கிறார்.