சுழல்கள் சொன்ன கணக்கு
நீருக்குள் பாயும் தாரை தனியாகப் போவதில்லை. சுற்றியிருக்கும் நீரையும் சுழல்களால் இழுத்துச் சேர்த்துக்கொண்டு கூம்பாக விரிகிறது. விரிய விரிய வேகம் தளர்கிறது. இந்த இயல்புதான் 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் உண்மையை வெளியே கொண்டுவர உதவியது. டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடையின் விபத்துக்குப் பின், சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் உடைந்த குழாயிலிருந்து எண்ணெய் பீறிட்டது. கசிவு ஒரு நாளைக்கு 5,000 பீப்பாய் என்றே அதிகாரிகள் வாரக்கணக்கில் சொல்லிவந்தார்கள். மே மாதம் அந்தக் கசிவின் காணொளி ஒன்று வெளியானது. அதில் தெரிந்த பழுப்பு எண்ணெய் மேகத்தின் விளிம்பில் உருளும் சுழல்கள் ஒரு சட்டகத்திலிருந்து அடுத்த சட்டகத்துக்குள் எவ்வளவு நகர்கின்றன என்று பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவ் வெர்லி அளந்தார். அவருக்குக் கிடைத்த விடை, நாளொன்றுக்குச் சுமார் 70,000 பீப்பாய்! விளிம்புச் சுழல் நடுத்தாரையைவிட மெதுவாக நகரும், எண்ணெயோடு வாயுவும் கலந்திருக்கும் என்பதால் இந்தக் கணக்கில் பிழைக்கு இடமுண்டுதான். ஆனால், அரசு நிபுணர்கள் பின்னர் அறிவித்த தொடக்க அளவே 62,000. அந்தக் காணொளியை முதல் வாரத்திலேயே வெளியிட்டிருக்க வேண்டும். இனி எந்தக் கடலடியில் எண்ணெய் கசிந்தாலும், காணொளியை உடனே பொதுவில் வைப்பதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும்.