கணக்கு நம் கடையில், காப்புப்படி எங்கே?

மின் விலைப்பட்டியல் முறை நம் நாட்டில் 2024 ஆகஸ்டு 1ஆம் தேதி தொடங்கியது. முதலில் ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள். பிறகு படிப்படியாகச் சிறியவை. டெங்கில் வட்டாரத்தில் பட்டறை, மொத்த வியாபாரம், லாரி சேவை நடத்துவோருக்கும் கணக்கைக் கணினிக்கு மாற்றும் யோசனை வந்திருக்கும். மாதச் சந்தா வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: திறமூல மென்பொருளைச் சொந்தச் சேவையகத்தில் நிறுவிக்கொள்வது.

நல்ல வழிதான். மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட், பெல்ஜியத்தில் உருவான ஓடூவின் சமூகப் பதிப்பு இரண்டுக்கும் உரிமக் கட்டணம் இல்லை. விற்பனை, கொள்முதல், கையிருப்பு மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். லினக்ஸ் பழகியவர் ஒரே நாளில் நிறுவிக் கொடுத்துவிடுவார்.

ஆனால், கட்டணம் போனால் பொறுப்பு நம்மிடம் வரும். சந்தா வாங்கும் நிறுவனம் செய்துவந்த பாதுகாப்புத் திருத்தம், காப்புப்படி எல்லாம் இனி நம் வேலை.

காப்புப்படி ஏன் முக்கியம் என்று டெங்கில்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் லங்காட் ஆறு பெருகியதை நாம் மறக்கவில்லை. மேசைக்கு அடியில் உள்ள சேவையகமும் அதில் செருகிய வெளி வன்தட்டும் ஒரே வெள்ளத்தில் போய்விடும். வருமான வரிச் சட்டமோ வணிக ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது.

கணினித் துறையில் 3-2-1 என்ற எளிய விதி உண்டு: 3 படிகள், 2 வகைச் சாதனங்கள், 1 படி வேறோர் ஊரில் அல்லது இணையச் சேமிப்பில். அந்த வெளிப்படியைக் குறியாக்கம் செய்துவிடுங்கள். அதில் வாடிக்கையாளர், ஊழியர் விவரங்கள் இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். இந்த மென்பொருள்களில் பெயர்களும் தொகைகளும் தரவுத்தளத்தில் இருக்கும். நாம் இணைக்கும் ரசீதுப் படங்கள் தனிக் கோப்புறையில் இருக்கும். தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்தால், மீட்டபின் கணக்கு வரும், ரசீது திறக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும்.

எடுத்தால் மட்டும் போதாது. அறிவியல் வகுப்பில் செய்து பார்க்காத சோதனையின் முடிவை மாணவர் எழுதினால் நாங்கள் மதிப்பெண் தருவதில்லை. மீட்டுப் பார்க்காத காப்புப்படியும் வெறும் கருதுகோள்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பழைய மடிக்கணினி ஒன்றில் அதை மீட்டெடுங்கள். போன மாத விலைப்பட்டியல் ஒன்றைத் திறங்கள். கையிருப்பு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஆகவே, நிறுவ வருபவரிடம் “எவ்வளவு?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். “வேறு கணினியில் மீட்டுக் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். காட்டிய பிறகு முழுப்பணத்தையும் கொடுங்கள்.

இதைத் தொடர்ந்து கவனிக்கக் கடையில் ஆள் இல்லையா? சந்தா கட்டுவதில் வெட்கமில்லை. மாதத்துக்குச் சில விலைப்பட்டியல்கள் மட்டும் என்றால், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இலவச மைஇன்வாய்ஸ் தளமே போதும். சொந்தச் சேவையகம், அதைப் பராமரிக்க ஆள் உள்ள கடைக்குத்தான் லாபம்.