வண்டு காட்டும் வரைபடம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நகரமான வூஸ்டர், 1953ஆம் ஆண்டு சூறைக்காற்றில் ஏராளமான மரங்களை இழந்தது. அவற்றுக்கு ஈடாக அங்கு நடப்பட்டவற்றுள் பெரும்பகுதி மேப்பிள் மரங்களே. 2008இல் அம்மரங்களில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டறியப்பட்டது. அதை ஒழிக்க 30,000க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. நிழலடர்ந்த தெருக்கள் பல வெட்டவெளியாயின.

சீனாவும் கொரியாவும் இவ்வண்டின் தாயகம். பெண்வண்டு மரப்பட்டையில் குழி பறித்து முட்டையிடும். புழு தண்டைக் குடைந்து உள்ளேயே வளரும். சேதம் வெளியே தெரியும்போது மரத்தைக் காப்பாற்றுவது அரிது. மேப்பிள், பாப்லர், வில்லோ, எல்ம் ஆகியவை இதன் முக்கிய உணவு மரங்கள்.

ஆயினும் பழியை வண்டின்மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று என்பதே என் கருத்து. பாலை பரவுவதைத் தடுக்க 1978இல் சீனா தொடங்கிய மாபெரும் காடு வளர்ப்புத் திட்டத்தில் பாப்லர் மரங்கள் பரவலாக நடப்பட்டன. தாயகத்திலேயே வண்டு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னர், சரக்குகளைப் பொதியும் மரச்சட்டங்களுக்குள் ஒளிந்து அது கடல் கடந்தது. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினிலும், 1998இல் சிகாகோவிலும், 2011இல் ஒகையோவிலும், 2020இல் தென் கரோலினாவிலும் அது கண்டறியப்பட்டது.

பொதிமரங்களின் மையப்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடங்களேனும் சூடேற்றப்பட வேண்டும், அல்லது நச்சுப்புகையூட்டப்பட வேண்டும் என்ற பன்னாட்டு விதி 2002இல் உருவானது. அது தேவையான விதி. ஆனால் துறைமுக வாயிலை மட்டுமே காக்கிறது. வாயிலைத் தாண்டிவிட்ட வண்டுக்கு நாமே விருந்து விரித்து வைத்திருக்கிறோமே, அதை எந்தச் சோதனைச்சாவடி தடுக்கும்?

ஒரு நகரின் மரங்களில் ஓர் இனம் 10 விழுக்காட்டையும், ஒரு பேரினம் 20 விழுக்காட்டையும், ஒரு குடும்பம் 30 விழுக்காட்டையும் மிஞ்சலாகாது என்று 1990இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிராங்க் சாண்டமோர் பரிந்துரைத்தார். இவற்றுள் பேரின வரம்பே இங்கு முதன்மையானது என்பேன். நான்கு வகை மேப்பிள்களை நட்டுவிட்டு அதைப் பன்மை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். வண்டுக்கு அவை நான்கும் ஒரே உணவுதான்.

ஒரே மரம் வரிசையாக நிற்பது கண்ணுக்கு அழகு, நாற்றங்காலுக்கும் சிக்கனம். ஆனால் வூஸ்டர் நகரம் அந்தச் சிக்கனத்தின் உண்மை விலையைச் செலுத்தியிருக்கிறது. எத்தனை மரங்கள் நட்டோம் என்று கணக்குக் காட்டும் நிர்வாகங்கள், எத்தனை பேரினங்களை நட்டோம் என்பதையும் இனி சொல்லியாக வேண்டும்.