‘வரை’ என்ற சின்னச் சொல்!
லாரி டிரைவர் வேலை விளம்பரமும், வீட்டுக்கு வந்து சேரும் சம்பளமும்

“லாரி டிரைவர்கள் தேவை! மாதம் ரூ.40,000 வரை சம்பளம்! உடனே வரவும்!”

இப்படி விளம்பரங்கள் வருகின்றன. சுவரில் ஒட்டுகிறார்கள். செல்போனிலும் அனுப்புகிறார்கள். சித்தேரி மலையில் உள்ள ஒரு வாலிபன் இதைப் படித்தால் என்ன நினைப்பான்?

சித்தேரி, தர்மபுரி மாவட்டத்தில் அரூருக்கு அப்பால் உள்ள மலை. மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழும் இடம். சாமையும் ராகியும் விளைகிற வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால், பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் 40 ஆயிரம் என்றால் சும்மாவா? தாய் பூரித்துப் போவாள். தகப்பன் கடன் வாங்கியாவது லைசென்சுக்குப் பணம் கட்டுவான்.

ஆனால் அந்த விளம்பரத்தில் ஒரு சின்னச் சொல் இருக்கிறது. ‘வரை’ என்ற சொல். மோசம் செய்வது அதுதான்!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

உதாரணமாக ஒரு கணக்கு. நிரந்தரச் சம்பளம் ரூ.15,000. லாரி ஓடும் நாளுக்குப் படி ரூ.500. டீசலை மிச்சம் பிடித்தாலோ, சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தாலோ இனாம் ரூ.10,000. மாதம் 30 நாளும் லாரி ஓடினால் படி மட்டும் 15,000. ஆக மொத்தம் 40,000. விளம்பரம் பொய் இல்லை!

ஆனால் எந்த லாரி 30 நாளும் ஓடுகிறது? லோடு கிடைக்கவில்லை என்று புக்கிங் ஆபீஸ் வாசலில் கிடக்க வேண்டும். சரக்கை இறக்க ஆள் இல்லை என்று கிடங்கு வாசலில் கிடக்க வேண்டும்.

டிரைவர் வெளியூரில் இருந்தது 26 நாள். லாரி ஓடியது 20 நாள். படி ரூ.10,000. நெரிசலில் டீசல் கூடச் செலவானது, இனாம் போயிற்று. சம்பளமும் படியும் சேர்ந்து ரூ.25,000. வழியில் சாப்பாட்டுக்கு, நாளுக்கு 300 வீதம் 26 நாளுக்கு ரூ.7,800. சரக்குக் குறைந்தது, டயர் வெடித்தது என்று பிடித்தம் ரூ.2,000. கடைசியில் வீட்டுக்கு வந்தது ரூ.15,200!

ஓடிய 20 நாளும் தினம் 14 மணி நேரம் உழைத்தான் என்றால், மணிக்குச் சுமார் 54 ரூபாய். காத்துக் கிடந்த 6 நாளுக்குக் கணக்கே இல்லை.

எல்லா முதலாளிகளும் இப்படி அல்ல. நல்ல சம்பளமும் முறையான படியும் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களையும் மற்றவர்களையும் அந்த விளம்பரத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது.

இது இங்கு மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவிலும் பல கம்பெனிகள் மைல் கணக்கில்தான் கூலி தருகின்றன. கிடங்கில் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடைக்காத டிரைவர்கள் அங்கும் உண்டு.

உடனே வண்டி ஏற முடியுமா?

முடியாது. சரக்கு லாரி ஓட்டும் லைசென்சுக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலில் சிறு வண்டி லைசென்ஸ் எடுத்து ஓர் ஆண்டு கழிய வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019-ல் நீக்கப்பட்டது. அது ஏழைகளுக்கு நல்லதுதான். ஆனால் அதிகம் படிக்காதவன் கையெழுத்துப் போடும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் படித்துச் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று 1961-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டங்கள் அமலுக்கு வந்திருக்கின்றன. அவற்றிலும் 8 மணிதான். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. வேலை நியமனக் கடிதமும் கொடுக்க வேண்டும். ஆனால் இந்த விதிகளில் சில 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் போனால் அவை துணைக்கு வரா. குறைந்தபட்சக் கூலி எல்லோருக்கும் உண்டு.

கூலி ஆசை காட்டி அழைத்துப் போவது எங்கே கொண்டு விடும் என்பது சித்தேரி மலைக்குத் தெரியாததல்ல. 2015 ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். மாண்டவர்களில் சித்தேரி மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. லாரி வேலை அதுபோன்றதல்ல, கவுரவமான தொழில். ஆனாலும் ‘போனால் பணம்’ என்று யார் சொன்னாலும், இந்த மலை மக்கள் நாலு கேள்வி கேட்காமல் பிள்ளையை அனுப்பக்கூடாது.

அந்த நாலு கேள்விகள்

நிரந்தரச் சம்பளம் எவ்வளவு? லாரி நிற்கும் நாளுக்குப் படி உண்டா? டயர், சரக்கு, அபராதம் என்று எதற்கெல்லாம் பிடிப்பீர்கள்? இவற்றை எழுதித் தருவீர்களா?

நாலாவது கேள்விக்கு ‘மாட்டோம்’ என்று பதில் வந்தால், முதல் மூன்றுக்கும் சொன்ன பதில் காற்றோடு போய்விடும்.

அரசாங்கமும் ஒன்று செய்யலாம். வேலை விளம்பரத்தில் நிரந்தரச் சம்பளத்தையும் படியையும் தனித்தனியாகப் போட வேண்டும் என்று உத்தரவிடலாம். ‘வரை’ என்று மட்டும் போடுவதைத் தடுக்கலாம். இதனால் நல்ல முதலாளிக்கு நஷ்டம் இல்லை, லாபமே. ‘டிரைவர் கிடைக்கவில்லை’ என்று லாரி முதலாளிகள் குறைப்படுகிறார்கள். ஏமாந்து திரும்பிய ஒருவன் ஊரில் பத்துப் பேரை வரவிடாமல் தடுக்கிறான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது பணத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. சம்பளம் குறைந்தால் டிரைவர் என்ன செய்வான்? தூக்கத்தைக் குறைத்து இன்னொரு நடை ஓட்டுவான். அதே தர்மபுரி மாவட்டத்தில்தான் தொப்பூர் கணவாய் இருக்கிறது. விபத்துக்குப் பேர்போன இறக்கம். அங்கே தூங்கி வழியும் கண்ணோடு ஒரு லாரி இறங்கினால், எதிரே போகும் பஸ்சில் இருப்பது யார் வீட்டுப் பிள்ளையோ!

டிரைவருக்குச் சரியான சம்பளம் கிடைப்பது அவன் குடும்பத்துக்கு மட்டுமல்ல, சாலையில் போகிற எல்லோருக்கும் பாதுகாப்பு.