ஆறு பேருக்கு ஒரு டேபிள்

குற்றாலத்தில் சீஸன் ஆரம்பித்ததைத் தென்காசிக்காரன் பேப்பர் பார்த்தா தெரிந்துகொள்கிறான்? பாத்ரூம் கதவு சாத்த மறுக்கும். அவ்வளவுதான், அருவியில் தண்ணி விழ ஆரம்பித்தாச்சு என்று அர்த்தம்! ஜூன் பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று சாரலைத் தூக்கிக்கொண்டு வரும். மரமெல்லாம் ஈரம் குடித்து உப்பும்.

இந்த ஊரில் நானே டைனிங் டேபிள் செய்யப்போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. "பி.காம். படிச்சவனுக்கு எதுக்குல உளி?" என்றார் அப்பா. காரணமே அவர்தான். முழங்கால் தேய்ந்து தரையில் சம்மணம் போட முடியாமல், ஒரு வருஷமாக முன்ரூம் நாற்காலியில் தட்டை மடியில் வைத்துத் தனியாகச் சாப்பிடுகிறார். நாங்கள் ஐந்து பேரும் அடுக்களைத் தரையில்.

கடையில் வாங்கலாமே? பார்த்தேன் ஸார். டேபிள் 30 அங்குலம், நாற்காலி 18 அங்குலம். பெரும்பாலும் இதே அளவு. அவ்வளவு தாழ உட்கார்ந்தால் அப்பாவால் கை கொடுக்காமல் எழுந்திருக்க முடியாது. அவருக்கு 20 வேண்டும். அப்படியானால் டேபிள் 32. கீழே சட்டம் 4 அங்குலத்துக்கு மேல் இறங்கினால் தொடை இடிக்கும்.

இனி கணக்கு (இதிலாவது என்னை நம்பலாம்). மேல் பலகை 5 அடிக்கு 3 அடி, கனம் 1 அங்குலம்: 1.25 கன அடி. மூன்றங்குலச் சதுரத்தில் நாலு கால், சுற்றுச் சட்டம் இரண்டும் சேர்த்து இன்னொரு கன அடி. இழைக்கிற தூளுக்குக் கால் பங்கு. காஸ்டிங் பேப்பரில் இதற்கு 'நார்மல் லாஸ்' என்று பெயர். ஆக மூன்று கன அடி வாங்கினால் போதும்.

மரத்துக்குச் செங்கோட்டை வழியில் பிரானூர் அறுவை மில்கள். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் என்பதால் அந்த இடம் இன்றும் 'பார்டர்'தான். பரோட்டா வாசனைக்கு மயங்காமல் பலகையைப் பாருங்கள். ஓரத்தில் வெளிறிய வெள்ளை இருந்தால் தள்ளுங்கள், பூச்சி முதலில் அங்கேதான் உட்காரும். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதிதான் நமக்கு. வாங்கியதும் இழைப்புளியைத் தூக்காதீர்கள். இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, வீட்டுக்குள் சில வாரம் ஆறப் போடுங்கள்.

முக்கியமான சூட்சுமத்தைச் சொன்னவர், பக்கத்துத் தெருவில் தச்சு வேலை பார்க்கும் அண்ணாச்சி.

"மேல் பலகையைச் சட்டத்தோட பெவிகால் போட்டு ஒட்டிராதீங்க தம்பி. ஆடிச் சாரல்ல அது அகலும், பங்குனி வெயில்ல சுருங்கும். விடலேன்னா வெடிச்சிரும்."

மூன்றடி அகலத்துக்குத் தேக்கே கால் அங்குலம் வரை நகரும். வேம்பு, மா என்றால் இன்னும் கூட. அதனால் சட்டத்தில் வட்டத் துளை வேண்டாம். பலகையின் அகலவாட்டில், அரிசி மாதிரி நீண்ட துளை போட்டு, அடியிலிருந்து ஸ்க்ரூ. பலகை நகரும்போது ஸ்க்ரூவும் கூடவே நகரும். பலகைகளை ஒன்றோடொன்று ஒட்ட மட்டும் பெவிகால்.

நாலு காலும் சட்டமும் நிமிர்ந்து நின்றாயிற்று. உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்பா மெதுவாக வந்தார். ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"இதுல நான் எந்தப் பக்கம்ல உக்காரணும்?"